சொந்தப் பாட்டு வாசிக்கும் குழுவுக்கு ஒரு மிக்ஸர்: திருகோணமலைக் கடற்காற்றில் பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18

புதுக் கிட்டாருக்கென்று சேர்த்த காசு கையில் இருந்தால் அதைக் கிட்டாரில் போட வேண்டாம். திருகோணமலையில் சொந்தப் பாட்டு எழுதி வாசிக்கும் ஒரு ரொக் குழுவில் ஆளுக்கொரு வாத்தியம் ஒழுங்காக இருக்குமானால், அடுத்து வாங்க வேண்டியது குழுவுக்கென்று ஒரு மிக்ஸர், அதாவது எல்லா மைக், வாத்திய ஒலிகளையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி. மே தொடக்கம் செப்டம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை ஹொட்டல்களில் வாசிக்க இடம் கிடைக்கும். வாடைக்காலம் வந்துவிட்டால் வீட்டுக்குள் ஒத்திகையும் ஒலிப்பதிவும்தான். இந்த இரண்டு காலத்துக்கும் ஒன்றுபோல உழைக்கக்கூடிய சாமான் மிக்ஸர் ஒன்றே.

வாடகைக்கு வரும் சவுண்ட்ஸ்காரரின் மிக்ஸர் மேசை, கலியாண வீட்டுக்கும் திருவிழாவுக்கும் ஏற்றபடி வைத்திருப்பது: ஒரு பாடகர், ஒரு கீபோர்ட், தாராளமாக எக்கோ. அவர் வேலையில் அது சரிதான். ஆனால் ட்ரம்ஸும் இரண்டு கிட்டாரும் ஒன்றாக இறங்கும்போது பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்காது. கேட்காவிட்டால் கத்துவார். மூன்றாவது பாட்டிலேயே தொண்டை கட்டிவிடும், சுருதி நழுவும். சபை முதல்முறையாகக் கேட்கும் பாட்டு அது. சொல் காதில் விழாவிட்டால் அந்தப் பாட்டு அன்றோடு போயிற்று. ஊருக்கே தெரிந்த சினிமாப் பாட்டு வாசிக்கும் குழுவுக்கு இந்த ஆபத்து இல்லை. சொந்தப் பாட்டுக்காரருக்கு இதுதான் முழு ஆபத்தும்.

இதற்கு ஏற்ற மிக்ஸர் எக்ஸ்ஆர்18: பெஹ்ரிங்கர் நிறுவனம் 2014-இல் அறிமுகப்படுத்திய எக்ஸ் எயார் வரிசையின் பெரிய பெட்டி. எடை மூன்று கிலோவுக்குச் சற்று மேல். ஒரு முதுகுப்பையில் அடங்கும். முகத்தில் 16 மைக் சொக்கெட்டுகள், 17-18 என்று ஒரு லைன் சோடி, ஆறு ஒக்ஸ் வெளியீடு (வாசிப்பவர்களுக்கென்று தனி மிக்ஸ் அனுப்பும் வழிகள்), பிரதான இடம்-வலம், ஒரு ஹெட்போன் துளை. மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் முன்பெருக்கிகளை வடிவமைத்தது மிக்ஸர் நிறுவனமான மைடாஸ். 2009-இல் மைடாஸை பெஹ்ரிங்கரின் தாய்க் குழுமம் வாங்கியது. அந்த வாங்கலின் பலன் இந்த விலைக்குள்ளும் வந்து சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு சனலுக்கும் கேட் (சிறு இரைச்சலை அடைப்பது), கொம்ப்ரெசர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தை அடக்குவது), நாலு பட்டை ஈக்யூ (தொனியைத் திருத்துவது), கொண்டென்சர் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட் தனித்தனியாக. இவற்றோடு எக்கோ போன்றவற்றுக்கு நாலு எபெக்ட் இயந்திரங்கள். பெட்டியில் ஒரு ஃபேடர்கூட, அதாவது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்திகூடக் கிடையாது. எல்லாக் கட்டுப்பாடும் டெப், போன் அல்லது லப்டொப் வழியாகத்தான்.

அதனால் முதலில் பேச வேண்டியது வைஃபை. இந்தப் பெட்டியின் பெரிய குறையும் அதுவே, வாங்கிய பலர் மனம் வெறுத்து விற்பதற்குக் காரணமும் அதுவே. உள்ளே இருக்கும் வைஃபை 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும். மிக்ஸரே நேரடியாக வலையமைப்புத் தரும் நிலையில் நாலு சாதனங்களுக்கு மேல் சேராது. பகல் மூன்று மணிக்கு வெறும் மணலில் செட் பண்ணும்போது அற்புதமாக வேலை செய்யும். இரவு எட்டு மணிக்கு நூறு பேர் வந்து உட்கார்ந்ததும் அறுந்துவிடும். மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், தண்ணீர் அந்த அலைவரிசையை விழுங்கும். போதாததற்கு நூறு போன்களும் ஹொட்டலின் வைஃபையும் அதே அலைவரிசையில் நெருக்கும். மிக்ஸர் ஒலியைத் தொடர்ந்து தந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் ஸ்பீக்கர் கூவத் தொடங்கினால் குறைக்கக் கையில் எதுவும் இருக்காது.

ஆகவே உள் வைஃபை இல்லையென்றே வைத்துக்கொள்ளுங்கள். 5 கிகாஹேர்ட்ஸ் தரும் தனி ரவுட்டர் ஒன்றின் விலையை மிக்ஸரின் விலையோடு கூட்டித்தான் கணக்குப் போட வேண்டும். பல வீடுகளில் பழைய இணைய இணைப்போடு வந்த ரவுட்டர் அலுமாரியில் கிடக்கும். 5 கிகாஹேர்ட்ஸும் லான் துளையும் இருந்தால் அது போதும், சிம் தேவையில்லை.

செய்முறை இப்படி. மிக்ஸரின் முகத்திலுள்ள மூன்று நிலைச் சுவிட்சை ஈதர்நெட் நிலைக்குத் தள்ளுங்கள். லான் கேபிளை ரவுட்டரின் லான் துளையில் செருகுங்கள். வான் என்று தனி நிறத்தில் இருக்கும் துளையில் செருகினால் டெப்பில் மிக்ஸர் தென்படாது, பாதிப்பேர் தடுமாறும் இடம் இது. ரவுட்டர் அமைப்பில் மிக்ஸருக்கு ஒரு நிலையான முகவரியை ஒதுக்குங்கள். 2.4-ஐ அணைத்துவிட்டு 5-ஐ மட்டும் வையுங்கள், சனல் 36 முதல் 48 வரை. கடவுச்சொல் கட்டாயம். வலையமைப்புக்குக் குழுவின் பெயரை வைக்காதீர்கள், விருந்தினர் போனில் பார்த்துவிட்டுச் சேர முயல்வார்கள். ரவுட்டரை மேசைக்கடியில் தள்ளாமல் மைக் ஸ்டாண்ட் ஒன்றில் கட்டி, தலைகளுக்கு மேலே ஏற்றிவிடுங்கள். மிக்ஸ் செய்பவர் நிற்கும் இடத்திலிருந்து அது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இன்னுமொரு பொறி போனுக்குள்ளேயே இருக்கிறது. இந்த வலையமைப்பில் இணையம் இல்லை என்று கண்டதும் அன்ட்ரொய்ட் போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும், மிக்ஸர் மறைந்துவிடும். விமான நிலையில் போட்டு வைஃபையை மட்டும் திறந்தால் இந்தப் பிரச்சினை இல்லை, நடுப்பாட்டில் அழைப்பும் வராது. கட்டுப்பாட்டுக்கு எப்போதும் இரண்டு சாதனங்கள் தயாராக இருக்கட்டும். ஒன்றின் பற்றரி இறந்தால் மற்றது. லப்டொப் ஒன்றை லான் கேபிளால் ரவுட்டரோடு இணைத்து வைத்தால் இன்னும் நிம்மதி.

பெஹ்ரிங்கரின் சொந்தச் செயலி வேலைக்கு ஆகும், ஆனால் சிறிய திரையில் விரல் தவறும். மிக்ஸிங் ஸ்டேஷன் என்ற வேறொருவர் எழுதிய செயலி அதைவிட நன்று. ஒவ்வொருவரும் தன் மொனிட்டரை (வாசிப்பவர் தன் காதுக்கென்று கேட்கும் மிக்ஸை) மட்டும் தொடக்கூடியவாறு அதில் பூட்டலாம். இந்தப் பூட்டை மறக்காதீர்கள். பேஸ் வாசிப்பவர் தன் காதில் குறைக்கிறேன் என்று பிரதான மிக்ஸில் பாடகரை இறக்கிவிடுவது நடக்கக்கூடியதே.

மொனிட்டர்தான் இந்தப் பெட்டியை வாங்குவதற்கான முதல் நியாயம். ஆறு ஒக்ஸ் இருப்பதால் ஐந்து பேர் குழுவில் ஆளுக்கொரு தனி மிக்ஸ், விருந்தாளிக்கு ஒன்று மிச்சம். ஸ்டீரியோ வேண்டுமானால் இரண்டிரண்டாகச் சேர்க்கலாம், அப்போது மூன்று பேருக்குத்தான் வரும். சிறிய குழு மோனோவோடு நின்றுகொள்வது நல்லது. ஒக்ஸ் வெளியீடு லைன் மட்டத்தில் வரும். இயர்போனை அதில் நேரே செருக முடியாது. ஆளுக்கொரு சிறு பெருக்கி வேண்டும். பெஹ்ரிங்கரின் பி2 போன்றது இடுப்பில் தொங்கும், இரண்டு டிரிபிள்-ஏ பற்றரியில் ஓடும். அதிலுள்ள மோனோ-ஸ்டீரியோ சுவிட்சை மோனோவில் வைக்காவிட்டால் ஒரு காதில்தான் சத்தம் வரும். பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒக்ஸ் அனுப்பலின் இடம் ‘ப்ரீ ஃபேடர்’ ஆக, அதாவது பிரதான ஃபேடருக்கு முன்னால் இருக்க வேண்டும். ‘போஸ்ட்’ ஆக இருந்தால் வெளியே சபைக்காகப் பாடகரைக் கூட்டும்போதெல்லாம் எல்லோர் காதிலும் குரல் கூடும், நிகழ்ச்சி முழுக்க ஆளாளுக்குக் கை அசைப்பார்கள். ஒவ்வொரு ஒக்ஸ் வெளியீட்டிலும் கொம்ப்ரெசரை மிக உயர்ந்த விகிதத்தில் வைத்துத் தடுப்பாக்குங்கள். மைக் கீழே விழுந்தால் அந்த இடி நேரே செவிப்பறைக்குள் போகும். காது கெட்டால் திரும்ப வாங்க முடியாது. இந்த ஒரு வரியையாவது யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

சனல் ஒதுக்கும்போது பழக்கத்தில் முதலாவதில் கிக் ட்ரம்மைச் செருகுவார்கள். இங்கே வேண்டாம். 1, 2 ஆகிய இரண்டு சொக்கெட்டுகளுக்குத்தான் கிட்டாரையும் பேஸையும் டிஐ பெட்டி (வாத்தியத்தை மைக் சொக்கெட்டுக்கு ஏற்றதாக மாற்றும் சிறு பெட்டி) இல்லாமல் நேரே ஏற்கும் உயர் மின்தடை இருக்கிறது. பற்றரி இல்லாத பேஸை ஐந்தாவதில் செருகினால் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மந்தமாகக் கேட்கும். ஆகவே பேஸ் 1, அக்கூஸ்டிக் கிட்டார் 2. பிறகு கிக் 3, ஸ்னேர் 4, ட்ரம்ஸுக்கு மேலே இரண்டு மைக் 5-6, கிட்டார் அம்ப்கள் 7-8, கீபோர்ட் 9-10, குரல்கள் 11 முதல் 13. பாட்டுகளுக்கு நடுவே குழு மட்டும் பேசிக்கொள்ள ஒரு மைக் 14. இடைவேளைப் பாட்டுக்குப் போன் 17-18. கெயினை (சனலுக்குள் வரும் ஒலியின் அளவை) வைக்கும்போது பலமான அடி –12 டெசிபலைத் தாண்டாமல், சராசரி –18 அளவில் நிற்கட்டும். ‘சிவப்புத் தொட்டால்தான் உரக்கக் கேட்கும்’ என்பது பழைய மேசைக் காலத்துப் பழக்கம். டிஜிட்டலில் சிவப்பு என்றால் கிழிந்த ஒலிதான்.

கச்சான் (மேற்கிலிருந்து வீசும் காற்று) காலத்துக்கென்று ஒரு திருத்தம். உப்புவெளிக் கரை கிழக்கைப் பார்ப்பது. கடலை முதுகில் வைத்து மேடை போட்டால் பாடகர் மேற்கே பார்ப்பார், கச்சான் நேரே மைக்கில் அடிக்கும். குரல் சனல்களில் கீழ் ஒலியை வெட்டும் ‘லோ கட்’டை 120 ஹேர்ட்ஸ் வரை ஏற்றி, மைக்குக்கு ஸ்பொஞ்ச் உறை போட்டால் அந்த ‘புசுபுசு’ அடங்கும். முடிந்தால் மேடையையே கால்வாசி திருப்புங்கள். அதற்கு ஈடான ஈக்யூ கிடையாது.

இனிப் பதிவு. ஒரே ஒரு யூஎஸ்பி கேபிளால் லப்டொப்பில் 18 தடங்களையும் தனித்தனியாக எடுக்கலாம், 18 தடங்களைத் திருப்பியும் அனுப்பலாம். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் ஒரு தடம் நிமிடத்துக்கு 8.64 எம்பி. 16 தடம் என்றால் நிமிடத்துக்கு சுமார் 138 எம்பி, மணிக்கு 8.3 ஜிபி. ஒவ்வொரு தடத்தையும் தனி மோனோ கோப்பாக எழுதும்படி மென்பொருளை அமையுங்கள். பதினாறையும் ஒரே வேவ் கோப்பில் போட்டால் 4 ஜிபி எல்லையை ஏறக்குறைய அரை மணியில் தொட்டுவிடும், அங்கே பதிவு நின்றுபோகலாம். ரீப்பர் மென்பொருள் இந்த வேலைக்குப் போதும். விண்டோஸில் பெஹ்ரிங்கரின் ஏசியோ டிரைவரை முதலில் நிறுவ வேண்டும், மக்கில் அது தேவையில்லை. யூஎஸ்பிக்குப் போகும் ஒலியை ஈக்யூவுக்கும் கொம்ப்ரெசருக்கும் முன்னாலுள்ள இடத்திலிருந்து எடுங்கள். மேடைக்காக இறக்கிய பேஸை வீட்டில் திரும்ப ஏற்ற வேண்டிவராது.

வாஷிங்டனின் ஃபுகாசி ரொக் குழு 1987 முதல் 2002 வரை ஏறத்தாழ ஆயிரம் நிகழ்ச்சிகள் வாசித்தது. அவற்றில் 800-க்கும் மேற்பட்டவற்றைத் தங்கள் ஒலியாளர்களைக் கொண்டு பதிவு செய்து வைத்திருந்தார்கள். 2011 முதல் டிஸ்கோர்ட் என்ற இசை லேபல் வழியாக அவற்றை ஒவ்வொன்றாக இணையத்தில் வெளியிட்டார்கள். அவர்கள் காலத்தில் அதற்கு எத்தனை நாடா, எத்தனை கவனம்! இன்று அதே காரியம் ஒரு கேபிள். வாரம் ஒரு ஒத்திகை, பருவத்தில் மாதம் இரண்டு மேடை என்று வைத்தாலும் ஒரு வருடத்தில் குழுவின் கையில் தன் வளர்ச்சியின் முழுச் சாட்சி இருக்கும். எந்த வேகத்தில் பாட்டு உட்காருகிறது, எந்தச் சரணத்தில் சபை போனை எடுக்கிறது, ட்ரம்ஸ் எங்கே ஓடுகிறது எல்லாம் அதில் தெரியும். நல்லதாக அமைந்த ஓர் இரவை மிக்ஸ் செய்து வெளியிடவும் செய்யலாம். கொழும்பு ஸ்டுடியோவுக்குப் போக 260 கிலோமீற்றர், தங்கும் செலவு வேறு. அந்தப் பயணத்தை ஒரு முழுத் தொகுப்புக்கென்று ஒதுக்கிவைத்துவிட்டு, மாதிரிப் பதிவுகளையும் தனிப்பாட்டுகளையும் ஊரிலேயே முடிக்கலாம்.

எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். ட்ரம்ஸின் சிம்பல் பாடகரின் மைக்குக்குள் நிரம்பப் போய்விடும்; கொம்ப்ரெசரை இறுக்கினால் அது இன்னும் மேலே வரும். பாடகரை ட்ரம்ஸுக்கு நேர் முன்னால் நிறுத்தாமல் பக்கமாக நிறுத்துங்கள். மாரி மழையில் தகரக் கூரைக்குக் கீழே மேல்மைக் வைத்துப் பதிவு செய்யவே முடியாது. அந்த நாட்களில் ட்ரம்ஸுக்கு நெருக்கமாக மைக் வையுங்கள், அல்லது கிட்டாரையும் பேஸையும் நேர்வழியாக எடுத்து முடியுங்கள்.

திருப்பி அனுப்பும் 18 தடங்களுக்கு இன்னொரு பெரிய பயன் உண்டு. ஹொட்டல்கள் ஒலிச்சோதனைக்குத் தரும் நேரம் குறைவு. முந்தைய நிகழ்ச்சியின் தடங்களை லப்டொப்பிலிருந்து அதே சனல்களுக்குள் ஓடவிட்டு, குழு வருவதற்கு முன்னரே வெளி மிக்ஸை அந்த இடத்துக்கு ஏற்றபடி திருத்திவிடலாம். முடிந்ததும் ஒவ்வொரு சனலையும் யூஎஸ்பியிலிருந்து மைக்குக்குத் திருப்ப வேண்டும். திருப்ப மறந்தால் எல்லா மைக்கும் செத்ததுபோல இருக்கும். கேபிளை மாற்றி மாற்றி நேரம் போகும். ‘மேடை’, ‘சோதனை’ என்று இரண்டு ஸ்னப்ஷொட்டுகளை (மிக்ஸரின் முழு அமைப்பின் பிரதிகளை) சேமித்து வைத்தால் ஒரே தட்டில் மாறும். பெட்டியில் 64 வரை சேமிக்கலாம்.

கரண்ட் விஷயம். மின்வழங்கி 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், ஆகவே வோல்டேஜ் சற்று ஏறி இறங்குவதால் பயமில்லை. பயம் கரண்ட் போய் ஜெனரேற்றர் எழும் அந்தச் சில விநாடிகள்தான். மிக்ஸர் மறுபடி எழுந்துவிட்டாலும் ரவுட்டர் எழ மேலும் ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்கும். 650 விஏ யுபிஎஸ் ஒன்றில் மிக்ஸரையும் ரவுட்டரையும் மட்டும் போடுங்கள். ஸ்பீக்கர்களை அதில் போடவே கூடாது. ஸ்பீக்கர் கடைசியாக எரிய வேண்டும், முதலாவதாக அணைய வேண்டும். லப்டொப்பைச் செருகியதும் ‘ங்ங்’ என்று இரைந்தால் காரணம் பெரும்பாலும் சார்ஜர். கழற்றிப் பற்றரியில் ஓட்டிப் பாருங்கள், பிறகு எல்லாவற்றையும் ஒரே பிளக்கிலிருந்து எடுங்கள். இரைச்சலை நிறுத்த எர்த் பின்னைக் கழற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஈர மணலில் வெறுங்காலோடு நின்று உலோக மைக்கில் உதடு வைக்கிறவர் நம் பாடகர். அதைச் செய்யவே கூடாது.

உப்புக் காற்றுக்கு இந்தப் பெட்டி கட்டப்படவில்லை. சொக்கெட்டுகள் எல்லாம் முகத்தில். தரையில் மல்லாக்க வைத்தால் செருகாத துளைகளில் மணல் விழும். கூடவரும் ‘காதுகள்’ எனும் பக்கத் தகடுகளைப் பூட்டி, மூடியுள்ள ராக் பெட்டிக்குள் வைத்து, 16 துளைகளிலும் குட்டைக் கேபிள்களை நிரந்தரமாகச் செருகிவிடுங்கள். மேடையில் கழற்றிச் செருகுவது அந்தக் குட்டைக் கேபிளின் மறுமுனையில் நடக்கட்டும். உப்பு தின்பது மலிவான முனையையாக இருக்கும், மிக்ஸரையாக இருக்காது. ராக்கில் சிலிக்கா ஜெல் பைகள் வையுங்கள். பருவத்தில் மாதம் ஒருமுறை முனைகளுக்குக் கொன்டக்ட் கிளீனர் அடியுங்கள். பூட்டுக்கும் பிணைச்சலுக்கும் அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம், பிசுபிசுப்பில் மணல் ஒட்டும். ஏசி அறையிலிருந்து நேரே கடற்கரை இரவுக்குள் கொண்டுவந்து திறந்தால் உள்ளே வியர்க்கும். மூடியபடியே அரை மணி வெளியே வைத்திருந்து பிறகு கரண்ட் கொடுங்கள்.

வேறு தெரிவுகளும் உண்டு. மைடாஸ் எம்ஆர்18 இதே அமைப்பு, முன்பெருக்கி சற்று மேல், விலையும் மேல். சவுண்ட்கிராஃப்ட் யூஐ24ஆர் லப்டொப் இல்லாமலே யூஎஸ்பி குச்சியில் 22 தடம் பதிவு செய்யும், பிரவுசரிலேயே இயங்கும். காசு இருந்தால் அதையே எடுக்கலாம். விரலுக்கு ஃபேடர் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு ஸூமின் எல்-12 இருக்கிறது: எஸ்டி அட்டையில் பதிவு, ஐந்து ஹெட்போன் வெளியீடு, ஆனால் சனல் குறைவு. இரண்டு பேர் கிட்டாரும் குரலுமாக வாசிக்கும் குழுவுக்கு இவை எதுவும் தேவையில்லை, சாதாரண ஆறு சனல் மேசை போதும்.

பழையதாக வாங்குவதானால் ஒரு மைக், ஒரு கேபிள், ஒரு ஹெட்போன், ஒரு கொண்டென்சர் மைக், ஒரு லப்டொப் கொண்டுபோங்கள். 16 துளைகளிலும் ஒவ்வொன்றாகச் செருகி, கேபிளை மெல்ல ஆட்டிக் கேளுங்கள். கரகரத்தால் உள்ளே துரு. ஒவ்வொன்றிலும் 48 வோல்ட் வருகிறதா என்று கொண்டென்சரால் பாருங்கள். ஆறு ஒக்ஸிலும் ஒலி வெளியே வர வேண்டும். யூஎஸ்பியில் பத்து நிமிடம் 16 தடம் பதிவு செய்து திரும்பக் கேளுங்கள். பழையவர் வைத்த கடவுச்சொல் தெரியாவிட்டால் முகத்திலுள்ள சிறு ரீசெட் துளையை அழுத்தி வலையமைப்பை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரலாம். துளைகளின் உலோக விளிம்பில் பச்சை படிந்திருந்தால் அந்தப் பெட்டி பல பருவம் கடற்கரையில் திறந்து கிடந்திருக்கிறது. எவ்வளவு மலிவாகக் கேட்டாலும் விட்டுவிடுங்கள்.